அதிராத கால்

மாரிசெல்வி பின்னால் வந்து நின்றால் யாருக்கும் தெரியாது. அடுப்படியில் பால் குடிக்க வந்த பூனையே அவளைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறது என்று அவள் வீட்டுக்காரன் ஊர்க்காவலன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். கல்யாணத்துக்கு முன்பே வெம்பக்கோட்டையிலிருந்து வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போனவள் அவள். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மின்விசிறியும் நாற்காலியும் இருக்குமோ என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். திரி சொருகும் அறையில் செருப்புக் கிடையாது, கொலுசு கிடையாது, ஓட்டம் கிடையாது, காலைத் தேய்த்து நடப்பது அறவே கிடையாது. தரையில் உதிர்ந்து கிடக்கிற மருந்து பொல்லாத கோபக்காரன், ஒரு உரசல் போதும் அதற்கு. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருமே தரைக்கு வலிக்காமல்தான் நடப்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த நடை போகாது.

அப்பேர்ப்பட்டவள் ஆட்ட மெஷின் மேல் பித்தாகிப் போனாள் என்றால் விதியின் குசும்பை என்ன சொல்ல.

2007 பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பொருட்காட்சிக்குப் போனபோது தொடங்கியது அது. ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு மெஷின் நின்றது. முன்னால் பெரிய திரை, கீழே ஏறி நிற்க இரண்டு மேடை. ஒவ்வொரு மேடையிலும் முன்னே, பின்னே, இடம், வலம் என்று நாலு அம்புக்குறி. பாட்டு ஓடும்போது திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறும். எந்த அம்பு உச்சியைத் தொடுகிறதோ அந்தக் கணத்தில் காலடியில் உள்ள அதே அம்பை மிதிக்க வேண்டும். மிதித்தால் ‘பெர்பெக்ட்’ என்று எழுத்து மின்னும். தவறினால் ‘மிஸ்’. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பச்சை, சிவப்பு தெரியுமே.

அது பழைய மெஷின். பலகை தொளதொளவென்று ஆடியது. மாரிசெல்வி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். பாட்டு முடியும்வரை திரை முழுக்கப் பச்சைதான். இறங்கி வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஊர்க்காவலன் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “பகல் பூரா உக்காந்து உக்காந்து காலுக்கு வெறி பிடிச்சுப் போச்சு போல” என்றான். அவன் கேலி பண்ணினாலும் அதுதான் நிஜம். பகலெல்லாம் அடக்கி வைத்த கால் அவளுடையது.

பொருட்காட்சி மூட்டை கட்டிப் போய்விட்டது. பொங்கல் முடிந்தால் பூசாரியே ஊரில் இருக்க மாட்டார், மெஷினா இருக்கும்? மாரிசெல்வி விடவில்லை. சாத்தூரில் விசாரித்தாள், அப்படி ஒரு பொருளே இல்லை என்றார்கள். மதுரையில் சொந்தக்காரர் கல்யாணம் வந்தது. தாலி கட்டியதும் பந்திக்குக்கூட உட்காராமல், பட்டுச்சேலையோடு ஒரு கடைத்தெரு வளாகத்தின் மாடிக்கு ஏறிவிட்டாள். அங்கே ஒரு மெஷின் இருந்தது. அதன் மேல் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

“மூணு அம்பு செத்துப் போச்சும்மா. ஒன்னுதான் உசுரோட இருக்கு” என்றார் காவலாளி.

“அது போதும்” என்று ஏறினாள். ஒற்றை அம்பில் ஒரு பாட்டு முழுக்க ஆடிவிட்டுத்தான் இறங்கினாள். அங்கே சுவரில் சாய்ந்து நின்ற இளைஞன் ஒருவன் கைதட்டினான். பெயர் சங்கரபாண்டியன், மைக் செட் கடையில் வேலை. அவனும் அதே பித்துதான். மதுரையில் சரியான மெஷின் கிடைக்காமல் இதன் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போகிற ஆள்.

“எங்கனயாவது நல்ல மெஷின் கண்ணுல பட்டா ஒரு போன் போடுங்கக்கா. எங்க கூட்டத்தையே கூட்டிட்டு வாறேன்” என்று கடை நம்பரைச் சொன்னான்.

“என் கண்ணுல படாமப் போகாது தம்பி” என்றாள் மாரிசெல்வி. சாட்சிக்கு ஒரு மெஷின்கூட இல்லாமல் அப்படிச் சொல்ல அவளால்தான் முடியும்.

பட்டது வடைத் தாளில். சிவகாசிப் பக்கம் வடை மடிக்கிற தாளும் கலர்த் தாள்தான். அச்சாபீசில் கலர் தள்ளிப் போய்க் கழித்துப் போட்டதெல்லாம் டீக்கடைக்கு வந்துவிடும். ஆவணி மாதம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எண்ணெய் ஊறிய ஒரு நோட்டீசில் நாலு அம்புக்குறியைப் பார்த்துவிட்டாள். கேம் சென்டர், சிவகாசி, காதர் பாட்சா அட்டை குடோன் மாடி.

சம்பளச் சனிக்கிழமைகளில் வேன் டிரைவர் பாண்டிராஜ் சிவகாசி கடைவீதியில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துவது வழக்கம். பெண்கள் காய்கறி, சோப்பு, பிள்ளைகளுக்குச் சேவு என்று வாங்கி வருவார்கள். மாரிசெல்வி அன்று காய் வாங்கவில்லை.

மாடியில் காதர் பாட்சாவின் மகள் ருமானா மேசை போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் படித்த பெண். அப்பாவை நச்சரித்துக் குடோன் மாடியை வாங்கிய கெட்டிக்காரி. பையன்கள் கார் ரேஸ் மெஷின்களை மொய்த்தார்கள். ஆட்ட மெஷின் புத்தம் புதிதாக மூலையில் சும்மா நின்றது.

மாரிசெல்வி ஏறினாள். மிஸ். மிஸ். மறுபடியும் மிஸ். திரை ரத்தக் காடாகச் சிவந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா, தாளம் தப்பலை. ஒங்க காலு சரியான நேரத்துக்குத்தான் போகுது” என்று ருமானா பக்கத்து மேடையில் ஏறினாள். “நீங்க மிதிக்கவே இல்லை. சும்மா வைக்கிறீக. ஓங்கி மிதிங்க.”

ஓங்கி மிதித்தாள். பச்சை வந்தது. மனசும் வந்தது. ஆனால் ருமானா இறங்கும்போது சொன்ன சேதிதான் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

“தீபாவளி வந்தா காலண்டர் சீசன்க்கா. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அட்டை லோடு வருது, பழைய குடோனு தூரம். கார் ரேஸுக்குப் பயலுக வாறாங்க, அது இருக்கட்டும், அன்னைக்கும் இந்த ஆட்ட மெஷின் சும்மா நின்னுச்சுன்னா இதைத் தூக்கிட்டு இந்த மூலையில அட்டைய அடுக்கிருவேன்னு அத்தா சொல்லிட்டாக. எனக்கு இதுலதான் ஆசை. ஆளு வரணுமே.”

“அம்புட்டுத்தானா?” என்றாள் மாரிசெல்வி. “ஒரு வேன் ஆளு என் கைவசம் இருக்கு.”

சொன்னபடி அடுத்த சனிக்கிழமை வேனையே ஏற்றிவிட்டாள். முன்னால் வந்தவள் வள்ளித்தாய், மாரிசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகுகிறவள், பேரன் எடுக்கிற வயசிலும் கும்மிக்கு முதலில் கை தட்டுகிற ஆள். ஏறி நின்றாள். மிஸ்ஸோ மிஸ். ஒருத்தி காலுக்கும் அந்த மெஷின் மசியவில்லை.

“மெஷின் கடுசா இருக்கு மதினி” என்றாள் மாரிசெல்வி.

“ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று வள்ளித்தாய் இறங்கப் போனாள். அவளை இழுத்துப் பிடித்து, ஓங்கி மிதிக்கச் சொல்லிக் கொடுத்தாள் மாரிசெல்வி. பிறகென்ன, மாடி அதிர்ந்தது. கீழே அட்டை எண்ணிக்கொண்டிருந்த காதர் பாட்சா ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். வேனில் ஊர் திரும்பும் வழியெல்லாம் பாட்டுத்தான். மெஷின் தப்பித்தது என்று மாரிசெல்வி கணக்குப் போட்டுவிட்டாள்.

அந்தக் கணக்கைத் திங்கட்கிழமை கலைத்துப் போட்டது. திரி அறையில் வழக்கம்போல நாலு பேர் காலை நீட்டி உட்கார்ந்து வேலையில் இருந்தார்கள். யாரோ மெஷின் பாட்டை முணுமுணுத்தார்கள். தொம் என்று ஒரு சத்தம். வள்ளித்தாயின் குதிகால். தொம், மறுபடி தொம். தாளம் பிசகாமல் தரையில் விழுந்தது. எல்லோர் கையும் அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. பத்திரகாளியம்மன் புண்ணியம்.

போர்மேன் கண்ணுச்சாமி வாசலில் வந்து நின்றார். “யாரு காலு அது?”

“என் காலுதான் அண்ணாச்சி” என்றாள் வள்ளித்தாய். “நான் சொல்லாம அதுவா ஆடிருச்சு.”

அவர் திட்டவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாரிசெல்விக்கு.

சாயங்காலம் வேனில் வள்ளித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அந்த ஆட்டம் வேண்டாம்த்தா. எம் பழைய காலு எனக்கு வேணும்.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். எப்படி மறுக்க முடியும்? சோறு போடுகிற கால், உயிரைக் காக்கிற கால். மெஷினுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள மாரிசெல்விக்கே மனமில்லை. ஆனால் மெஷினை விடவும் மனமில்லை. வீட்டில் ஊர்க்காவலன் சோறு போடச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை. பொருட்காட்சி மெஷினை நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் மிதிக்கவே இல்லை, இதே காலை இதே மாதிரி வைத்தாள், அது ஏற்றுக்கொண்டதே. தொளதொளத்த பலகை. அப்படியென்றால் குற்றம் காலில் இல்லை.

சனிக்கிழமை வந்ததும் மாடிக்கு ஓடினாள். “ருமானா, எங்க காலை எதுக்கு மாத்தணும்? மெஷினை மாத்துவோம். பலகையைக் கழத்து.”

ருமானா தயங்கினாள். வாடகை மெஷின் அது. “உள்ள ஏதாவது ஆயிட்டா?”

“பாக்கத்தான போறோம். பாத்தா தேஞ்சா போயிரும்?”

திருகாணியைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார்கள். அடியில் பட்டையாக ஒன்று. பலகை இறங்கி அதை அழுத்தினால்தான் மெஷினுக்குச் சேதி போகும். பலகைக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி. ஓங்கி மிதித்தால்தான் அந்த இடைவெளி மூடும். மாரிசெல்வி குனிந்து பார்த்தாள், சிரித்துவிட்டாள். கீழே குடோனில் வெட்டிக் கழித்த காலண்டர் அட்டைத் துண்டு மலையாகக் கிடக்கிறது. இதற்கா இத்தனை பாடு?

முதலில் கனத்த அட்டையைப் பலகைக்கு அடியில் ஒட்டினார்கள். யாரும் ஏறாமலே அம்பு எரிந்தது. பேய் ஆடுகிற மாதிரி மெஷின் தன்னால் ஆடியது. அதைப் பிய்த்துவிட்டு மெல்லிசு அட்டை வைத்தார்கள். மாரிசெல்வி ஏறி, பூவை வைப்பது போல் காலை வைத்தாள். பச்சை. எடுத்து மறுபக்கம் வைத்தாள். பச்சை. ருமானா இரண்டாவது மேடைக்கும் அட்டை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

வள்ளித்தாயைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. “அதிராம வைங்க மதினி. ஆபீசுல வைக்கிற மாதிரியே வைங்க.” வைத்தாள். பாட்டு முடியும்வரை திரையில் சிவப்பே இல்லை.

“கூடம் கோணலாத்தான்டி இருந்திருக்கு” என்றாள் வள்ளித்தாய், இறங்க மனமில்லாமல்.

படிக்கட்டு அடியில் செருப்பை விட வேண்டும், யாரும் ஓங்கி மிதிக்கக் கூடாது. மாரிசெல்வி போட்ட சட்டம் இரண்டுதான். வேனுக்கு வேன் சேதி பரவியது. மற்ற ஆபீஸ் பெண்களும் வந்தார்கள். பாண்டிராஜ் கீழே ஆரன் அடித்து அடித்துச் சலித்து, திட்டுவதற்காக ஒருநாள் மேலே ஏறி வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றான். மாரிசெல்வி ஒரு ரூபாய் போனில் மதுரைக்குப் பேசினாள். “தம்பி, மெஷின் இருக்கு. நாலு அம்பும் உசுரோட இருக்கு.”

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. போனஸ் நாள் என்பதால் ஊர்ப்பட்ட வேன்கள் கடைவீதியில் நின்றன. சங்கரபாண்டியன் சொன்ன வாக்கு மாறாமல் ஒரு கூட்டத்தோடு மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கினான். அவசரத்தில் சட்டத்தைக் கேட்காமல், ஷூவோடு ஏறி மிதித்தான். ஒரு மிதிக்கு மெஷின் இரண்டாக எடுத்துக்கொண்டது. திரை சிவந்தது.

“ஷூவக் கழத்திட்டு வாங்க தம்பி” என்றாள் மாரிசெல்வி. “இங்க மிதிக்கக் கூடாது, வைக்கணும்.”

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான். அவள் ஒரு மேடையில், அவன் ஒரு மேடையில். முதல் பாட்டில் தடுமாறினான், இரண்டாம் பாட்டில் பிடித்துக்கொண்டான். பித்துப் பிடித்த இரண்டு பேர் சேர்ந்து ஆட ஒரு முழு மெஷின் கிடைத்த சந்தோஷம் அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அட்டை லோடு வந்தது. தலைச் சுமையோடு லோடுமேன் படியில் கால் வைக்கப் போனான், வைக்க இடமில்லை. கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை செருப்பு. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, மதுரை ஷூ. “பாய், எங்கனகூடி ஏற?” என்றான்.

காதர் பாட்சா அவனை விலக்கிக்கொண்டு தாமே ஏறினார். செருப்புகளுக்கு இடுக்கில் காலை நுழைத்து நுழைத்து மாடி வாசலுக்கு வந்து நின்றார். அறை நிறைய ஆட்கள், ஆனால் அதிர்வு என்பதே இல்லை. பாட்டு மட்டும் கேட்டது. மெஷின் மேல் இரண்டு பேர் ஆட, இத்தனை நாள் தலைக்கு மேல் கேட்ட தொம் தொம் எங்கே போனது என்று அவர் தேடுவது தெரிந்தது. தம் மகள் மேசையை விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பதையும் பார்த்தார். பார்த்தபடியே உள்ளே ஓரடி வைத்தார்.

ருமானாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாரிசெல்வி ஆட்டத்தை நிறுத்தவில்லை, திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“யாராருந்தாலும் செருப்ப விட்டுட்டு வாங்க” என்றாள்.

கட்டடமே அவருடையது. காதர் பாட்சா குனிந்து தம் செருப்பைக் கழற்றினார். வைக்கப் படியில் இடம் தேடினார், கிடைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

“லோடை இங்க இறக்க வேண்டாம்ப்பா” என்றார். “பழைய குடோனுக்குக் கொண்டு போங்க.”