இரண்டாம் வயலின்காரரின் நாற்காலி

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஹங்கேரிக்காரர்கள் நான்கு பேர் எங்கள் துபாய் வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டார்கள். அழைத்து வந்தது சித்தப்பா. தேரா பகுதியில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனிக்கும் வேலை அவருக்கு. அங்கே மூன்று மாலைகள் கச்சேரி செய்ய வந்திருந்தவர்கள் இவர்கள். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் ஒரு செல்லோ. ஹோட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது என்று யாரோ ஒரு வார்த்தை சொல்லப்போக, சித்தப்பா அம்மாவைக் கேட்காமலேயே கூப்பிட்டுவிட்டார்.

அம்மா பயந்துபோய் எல்லாவற்றிலும் காரத்தைக் குறைத்திருந்தாள். ஹங்கேரியில் மிளகாய் இல்லாமல் சமையலே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செல்லோக்காரர் மேசைமேல் இருந்த இட்லிப் பொடி பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். பிறகு பாதியைச் சாதத்தின்மேல் கொட்டிக்கொண்டார். அதோடு கூச்சம் போய்விட்டது.

முதல் வயலின்காரர் தங்கள் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். புடாபெஸ்டில் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். படிப்பு முடிவதற்குள் நால்வர் குழுவாகிவிட்டார்களாம். வெளிநாட்டுப் போட்டியொன்றில் பரிசு கிடைத்த பிறகு பாதி வாழ்க்கை ரயிலிலும் மீதி ஒத்திகையிலும் போயிற்றாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கச்சேரியையே ரத்து செய்வார்களே தவிர, அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்து வாசித்ததில்லையாம்.

இரண்டாம் வயலின்காரர் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். நல்ல மனிதர். நான் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். உங்களில் யார் நன்றாக வாசிப்பீர்கள் என்றேன்; “யெஸ், யெஸ்” என்றார். சந்தேகம் வந்து, உங்களுக்கு வால் உண்டா என்று கேட்டேன். அதற்கும் “யெஸ்”தான். மறுபக்கம் இருந்த அப்பாவுக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படி ஒரு விளையாட்டு கிடைத்தால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்?

“அப்பா, இந்த அங்கிளுக்கு இந்தப் பக்கம் காதே கேக்கல” என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எல்லோரும் திரும்பியதைக் கண்டு அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பி, என்ன சொன்னாய் என்று கேட்டார். நான் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, மற்ற மூவரையும் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். முதல் வயலின்காரர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். செல்லோக்காரர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். கையைக் கழுவிக்கொண்டு, அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனார். காதைச் சோதிக்கும் இரும்புக் கவட்டையான இசைக்கவையை முழங்காலில் தட்டி, அது அதிரும்போதே காதருகிலும் காதுக்குப் பின்னால் எலும்பின் மீதும் மாற்றி மாற்றி வைப்பதைக் கதவோரம் நின்று பார்த்தேன். இடது காது அநேகமாகப் போய்விட்டது, வலது காது நன்றாக இருக்கிறது என்றார் அப்பா.

எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற வியோலாக்காரர், மேசையில் நடந்த பேச்சு என்ன என்பதை அப்போதுதான் அப்பாவுக்குச் சொன்னார். என் காது விஷயம் எவ்வளவு நாளாக உங்களுக்குத் தெரியும் என்று இரண்டாம் வயலின்காரர் கேட்டாராம். இரண்டு வருஷம் என்பது பதில். மூன்று வருஷமாகத் தான் மறைத்து வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று அப்பா கேட்டார்.

“சொன்னால் விலகிவிடுவான். அப்புறம் நாங்கள் யார்?” என்றார் வியோலாக்காரர்.

அப்பா மருந்துச்சீட்டை எடுத்து நான்கு வட்டங்கள் போட்டு, யார் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். நால்வரும் அந்தச் சீட்டின் மேல் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்தன. சண்டை என்றே நினைத்தேன். “யல்லா, நேரமாச்சு” என்று சித்தப்பா வந்து கிளப்பினார். இரண்டாம் வயலின்காரர் மற்றவர்களுக்கு முன்னால் தனியாகப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் கடைசிக் கச்சேரி. எங்களுக்கு முன்வரிசை. முதல் இரண்டு நாளும் கச்சேரி கேட்ட சித்தப்பா, இரண்டாம் வயலின்காரர் எப்போதும் முதல் வயலின்காரருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த இடத்தில் செல்லோ இருந்தது. இவரை மறுகோடியில் கடைசி நாற்காலிக்குத் தள்ளியிருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் தப்பு செய்தவர்களைத்தான் அப்படி இடம் மாற்றுவார்கள். நான் காட்டிக்கொடுத்ததால் அவருக்குத் தண்டனை என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் அவர் வில்லை நிறுத்தாமல் செல்லோவின் பக்கம் தலையைத் திருப்பினார். அவர் முகம் கோணியது. கண்கள் நிறைந்தன. அவ்வளவுதான், நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். கைதட்டல் முடிந்தும் என் அழுகை ஓயவில்லை.

அந்தக் கோடியில் உட்கார்ந்தால் மற்ற மூவருமே அவருடைய வலது பக்கம் வந்துவிடுவார்கள் என்பதும், செல்லோவை அவர் முழுதாகக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அதே வரிசையில் அவர்கள் இன்னும் ஆறு வருஷம் ஒன்றாக வாசித்தார்கள் என்று பின்னால் அப்பாவுக்கு வந்த கடிதங்களில் இருந்தது. நான் அதையெல்லாம் படித்தது கல்லூரிக்குப் போன பிறகு.

அம்மா வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். எட்டு வயதில் மேல்நாட்டுச் சங்கீதம் கேட்டுத் தேம்பி அழுத குழந்தை என்று, லீவில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் உறவினர் வீடுகளில் பெருமையாகச் சொல்லுவாள். நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.