மழை நாளில் ஆண்டவர் சித்தம்

கல் உடைக்கிற இடத்தில் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, பையோடு மாவனல்லை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ரப்பர் ஷீட் காயும் புகை வாடை வந்தது. அப்பாவின் சட்டை வாடை அது. கோபமும் கூடவே வந்தது.

புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்தில் அப்பா மரத்தில் பால் வெட்டினார். சின்ன வயதில் கேகாலைப் பள்ளி விடுதியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாளன்று விடியும்போதே மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. என்னைக் கூட்டிப்போக அப்பாவுக்கு நாள் முழுக்க இருந்தது.

"ஆண்டவருக்குச் சித்தமில்ல. அதான் மழையப் போட்டுட்டாரு" என்றார்.

"மழைக்குப் பால் வெட்டத்தான் ஏலாது. பஸ்ஸுமா ஓடாது?" என்றாள் அம்மா.

"வாய மூடிட்டு ஜெபத்துக்கு வா."

முழங்காலில் இருந்தபோதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் படிப்பும் போனது. டவுனுக்குப் போக அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஆண்டவர் பெயரை வைத்தார். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல் வேலையை விட்ட மறுநாள் காலை, அன்று போலவே மழை. "ஆண்டவரே, சித்தமில்லேன்னா கதவ அடைச்சிரும். நான் போய்ப் பாத்துக்கிறேன்" என்று ஜெபித்தபடியே நனைந்து நடந்தேன். பேக்கரி ஒன்று திறந்திருந்தது. உள்ளே போய் வேலை கேட்டேன்.

"இந்த மழையிலயா வேல தேடி வாறீங்க?" என்றார் முதலாளி.

"மழைக்கு மா பிசைய ஏலாதா, நானா?" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்.

அவர் சிரித்துக்கொண்டே, மா பிசைய நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.