தூசி எடுத்த சுவர்

என் மனுஷன் கனகலிங்கத்துக்கு ஒரு சாமானையும் கழுவாமல் விட ஏலாது. மயிலிட்டியில் கடலால் வந்து கரையேறினால் முதலில் வள்ளம், பிறகு எஞ்சின், பிறகு வலை, கடைசியில்தான் தான். உப்புப் பட்டால் எல்லாம் இற்றுப்போகுமாம். கடையில் வாங்கிவந்த புதுக் கதிரையையும் கழுவித்தான் அதில் உட்காருவார். சொன்னால் கேட்டால்தானே? கெடுகுடி சொல் கேளாது.

மகள் தனுசியாவுக்குத் தலைப்பிரசவம். மீள்குடியேறிக் கட்டிய எங்கள் வீட்டில் ஒரு ஹோலும் சமைக்க ஒரு குசினியும்தான். கொடிகாமத்தில் இருக்கும் அவளுடைய மாமியார் சிவக்கொழுந்து, "உங்கடை வீட்டிலை அவளுக்கெண்டு ஒரு அறை இல்லை. பிள்ளை இஞ்சையே பிறக்கட்டும்" என்றுவிட்டார். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாமல் வேறெங்கே பெறுவது? ஹோலை ஜிப்சம் பலகையால் மறித்து ஓர் அறை எடுத்தோம். வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா மகளோடு வருவார். அறை பிடித்தால் அவளை விட்டுவிட்டுப் போவார், இல்லாவிட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்.

பலகை அடித்து, பொருத்துகளைப் பூசித் தேய்த்து முடித்த ஜெயதீபன் தெளிவாகத்தான் சொன்னான்: "அண்ணை, தூசியை வடிவா எடுத்துப்போட்டுப் பிரைமர் அடியுங்கோ. அது காஞ்சாப்பிறகு பெயின்ற்."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே?" என்றார் இவர்.

வியாழன் காலை சந்தைக்குப் போய் வந்து பார்க்கிறேன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றித் தேங்காய்த் தும்பால் சுவரைத் தேய்க்கிறார்! பூச்சு கரைந்து பாலாய் ஓடுகிறது. பலகையின் மேல்தாள் ஊதிப்போய் நிற்கிறது.

"ஐயோ, நகுலேசுவரப் பெருமானே! உங்களுக்கென்ன விசரே? அது வள்ளமில்லையப்பா, கடுதாசியும் மாவும்!"

"அவன்தானே தூசியை எடுக்கச் சொன்னவன்..."

காயவிட நேரமில்லை. ஈரத்துக்கு மேலேயே பிரைமர் அடித்தார். அது திட்டுத் திட்டாய் உரிந்தது. அதற்கு மேல் நீலப் பெயின்ற். மின்விசிறியைச் சுவருக்குத் திருப்பிவிட்டு நாங்கள் வேர்த்து வழிந்தோம். விடியப் பார்த்தால், கொப்பளிப்பான் வந்த உடம்புபோல் சுவர் முழுக்கக் கொப்புளம்.

"உந்தச் சுவரைச் சும்மா விட்டிருந்தா என்ரை பிள்ளை என்னோடை இருந்திருப்பாள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

சிவக்கொழுந்து வந்தார். ஒரு கொப்புளத்தை விரலால் அமத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. அதை வெளியே இழுத்து, "பிள்ளை, பையை எடு. போவம்" என்றார்.

தனுசியா சுவரைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, கழுவினீங்களோ?"

"ஓம்" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போய் ஹோலில் என் கட்டிலில் வைத்தாள்.

"மாமி, நான் அம்மாவோடை ஹோலிலை படுக்கிறன். பிள்ளை பிறந்தாப்பிறகு ஓயாமல் கழுவ ஒரு ஆள் வேணுமெல்லே? அப்பாவை விட்டா ஆர் இருக்கினம்?"

சம்பந்தியம்மா நீல விரலை என்னிடம் நீட்டி, "இதைக் கழுவ எங்கை தண்ணி?" என்றார்.

நான் வாய் திறக்க முதல் இவர் வாளியோடு கிணற்றடிக்கு ஓடிவிட்டார். அறுவான், இதுக்கு மட்டும் கால் வரும்.