பத்தொன்பது நொடிகளுக்குப் பிறகு

தயாளன் பிளாட்பாரம் டிக்கெட் வாங்குகிற மனிதர். மகளை ரயிலேற்றிவிடத் தாம்பரம் வந்தால், யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் வரிசையில் நின்று வாங்குவார். பல்லாவரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தர். மாற்றுச் சான்றிதழில் ஒரு தேதியைக்கூட யாருக்காகவும் திருத்தியதில்லை. அதற்காக அவரை மதித்தவர்களும் உண்டு, பேஜார் பிடித்த ஆள் என்றவர்களும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அனகாபுத்தூரில் தன் தெருவின் நலச்சங்கத்துக்குச் செயலாளரானார். தெருவின் மழைநீர் வடிகால் அடையாற்றை நோக்கிப் போகவேண்டும். ஆனால் முனையில் சாலையை உயர்த்தியபோது வடிகாலின் கடைசிப் பகுதியையும் உயர்த்திக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் தண்ணீர் தெருவுக்கே திரும்பி வரும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை தயாளன் இரவல் வாங்கினார். ஒரு முனையை மனைவி மெட்டில்டா பிடித்துக்கொள்ள, தெரு முழுவதும் அளந்தார். பதினான்கு அங்குலம் தலைகீழ்ச் சரிவு. அதை வரைபடத்தாளில் போட்டு, தன் பெயரில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். சங்கம் பின்னால் நின்றது. வக்கீல் வேண்டாம், படத்தைப் போட்டவனே விளக்கட்டும் என்றார்.

அந்த அமர்வின் விசாரணைகள் இணையத்தில் நேரலையாகப் போகும். மகள் ஜோவிதா பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் வீடியோ ஒளிபரப்பு மென்பொருளைச் சோதிக்கிற பொறியாளர். விசாரணையைப் பதிவு செய்துவைக்கட்டுமா என்று முதல் நாள் மாலை அப்பாவிடம் கேட்டாள். இரண்டு பொத்தான் வேலை. தயாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரலைப் பக்கத்தின் அடியில் இருந்த அறிவிப்பை முழுவதும் படித்தார். அனுமதியின்றிப் பதிவு செய்வது, வெட்டி எடுப்பது, பகிர்வது எல்லாம் குற்றம் என்று போட்டிருந்தது.

"பாரு. ஆனா பதிவு பண்ணாத, ஜோ. நியாயம் கேக்கப் போற எடத்துலயே திருடக் கூடாது."

அவள் பதிவு செய்யவில்லை.

ஜூன் பதினெட்டு. அலுவலகத்தில் காதில் இயர்போனுடன் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கு எண் கூப்பிட்டார்கள். அப்பாவின் குரல் கேட்டது. திரையின் கீழ் மூலையில் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. சரிவைப் பற்றி அவர் ஆரம்பிக்கும்போதே மூத்த நீதிபதி பேஜ் நம்பர் கேட்டார். தயாளன் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். கண்ணாடி விழுந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடி புரட்டினார்.

"பெரியவரே, இது உங்க காலனி மீட்டிங் இல்ல. பேஜ் நம்பர் தெரியாம கோர்ட் டைமை வீணாக்காதீங்க. உக்காருங்க."

அறையில் சிரிப்பு. அப்பா உட்காரவில்லை. தாளைக் கண்டுபிடித்து மேலே நீட்டினார். நீதிபதிகள் இருவரும் அதன்மேல் குனிந்தார்கள். அப்போது சத்தம் நின்றது.

இணைப்பில் ஏதோ கோளாறு என்று ஜோவிதா நினைத்தாள். இயர்போனைக் கழற்றி மாட்டினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். அவள் தொழிலில் எவரும் முதலில் செய்வது அதைத்தான். பக்கம் திரும்பி வந்தபோது வேறு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தயாளன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நீதிபதி தன்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, நான் அவசரப்பட்டுட்டேன், உங்க படம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னதாகச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். எட்டு வாரத்தில் அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று உத்தரவு. உத்தரவுத் தாளில் அது மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த விசாரணையின் வீடியோத் துண்டு ஒன்று இணையத்தில் வந்தது. யாரோ ஒருவருக்கு விதி பெரிதாகப் படவில்லை. பத்தொன்பது நொடி. விரலை எச்சில் தொடுவது, கண்ணாடி விழுவது, 'உக்காருங்க' என்ற சொல்லில் முடிவது. அடியில் கோமாளி இசை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டவர் தலைவர் பட்டாபிராமன்தான். 'தகவலுக்காக' என்று எழுதியிருந்தார். ஜோவிதா புகார் கொடுத்து மூன்று இடங்களில் எடுக்கவைத்தாள். ஏழு இடங்களில் புதிதாக முளைத்தது. பம்மல் முனையில் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன், "இன்னா சார், பேஜ் நம்பர் கெட்ச்சிதா?" என்றான். தயாளன் அதன்பின் அந்த முனையைத் தவிர்த்துச் சுற்றி நடந்தார்.

பட்டாபிராமன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தன்மையாகத்தான் பேசினார். அடுத்த தேதிக்கு வக்கீல் வைக்கலாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். நீதிபதி வருத்தம் தெரிவித்ததைத் தயாளன் மறுபடி சொன்னார்.

"நான் நம்பறேன் சார். ஆனா அது எங்கயும் வரலியே."

தயாளன் கையெழுத்துப் போட்டார். பட்டாபிராமன் போனதும் மகளைக் கேட்டார்: மீதிப் பதிவு கோர்ட்டுல இருக்கும்தானே? இருக்கும் என்றாள். பதிவுகளை ஆறு மாதம் வைத்திருப்பார்கள், மனுதாரர் எழுதிக் கேட்கலாம். அவர் தன் கையெழுத்திலேயே விண்ணப்பம் எழுதினார். வாழ்நாளெல்லாம் படிவங்களைச் சரிபார்த்த மனிதரின் படிவம், தவறான வடிவம் என்று திரும்பி வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள், ஜூலை முப்பது, குளிக்கப் போனவர் கதவைத் திறக்கவில்லை. இதயம்.

பட்டாபிராமன் சவப்பெட்டியைத் தூக்கினார், அழுதார். கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் எத்தனை பேருடைய கைப்பேசியில் அந்தத் துண்டு இருக்கும் என்று ஜோவிதா எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அவளுக்கு ஒரே தேதி. டிசம்பர் பதினெட்டு. அன்று அழித்துவிடுவார்கள். மனுதாரர் இல்லாததால் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அது வந்தது நவம்பரில். மறுபடி விண்ணப்பம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'நேரில் தெரிவிக்கிறேன்' என்று எழுதினாள். அதற்காக ஒரு தடவை திருப்பினார்கள். ஒவ்வொரு வாரமும் விடுப்புப் போட்டாள். மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். அவள் காதில் விழவில்லை. அன்று பக்கத்தைப் புதுப்பிக்காமல் இருந்திருந்தால் நீதிபதி சொன்னது தன் காதில் விழுந்திருக்கும், ஒரு சாட்சியாவது இருந்திருக்கும் என்பது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதிக்கு அனுமதி வந்தது. பார்க்கலாம், ஒரு முறை. நகல் கிடையாது.

கைப்பேசி, கைக்கடிகாரம் இரண்டையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பதிவுகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலர் அச்சுதன், ஐம்பதைத் தாண்டியவர், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தத் துண்டை அவரும் பார்த்திருக்கவேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமலே ஓடவிட்டார்.

பத்தொன்பது நொடி ஓடி முடிந்தது. அப்பா உட்காரவில்லை. தாள் மேலே போனது. நீதிபதிகள் குனிந்தார்கள். ஒருவர் கை மேசையில் எதையோ தொட்டது. திரையின் ஓரத்தில் ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு தரைமட்டமானது. அப்படியே கிடந்தது.

காட்சி மட்டும் ஓடியது. மூத்த நீதிபதி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துப் பேசினார். பதினோரு நொடி. பாதி வாயை, அவர் பிடித்திருந்த அப்பாவின் வரைபடமே மறைத்தது. அப்பாவின் பின்னந்தலை தாழ்ந்தது. இரண்டு கைகளும் கூப்பி மேலே வந்தன. நன்றிக்கும் கைகள் அப்படித்தான் வரும். கெஞ்சலுக்கும் அப்படித்தான்.

ஒலி தனித்தடத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். வேறு மைக், வேறு சேமிப்பு, ஏதாவது. தொழில் தெரிந்தவள் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டாள். அச்சுதன் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"ஜட்ஜுங்க தங்களுக்குள்ள பேசும்போது மைக்கை ஆஃப் பண்ணிக்கலாம்மா, அது அவங்க உரிமை. திருப்பி ஆன் பண்ண மறந்திருப்பாங்க. மைக்லயே போயிட்டா அது எங்கயுமே பதிவாகாது."

அன்று கோளாறு அவள் பக்கம் இல்லை. விதியை மீறி அவள் பதிவு செய்திருந்தாலும் இதுதான் இருந்திருக்கும். ஆறு மாதமாக இல்லாத ஒன்றைத் தேடியிருந்தாள்.

இன்னொரு முறை போடச் சொன்னாள். அச்சுதன் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். முடியாது.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். பார்வையிட வந்த அதிகாரிகள் குறித்துக்கொண்டு போனதோடு சரி. மெட்டில்டா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கால் துடைக்கத் துண்டு கொடுத்தாள், காபி கொடுத்தாள், அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"கேட்டியா? என்ன சொன்னாரு?"

ஜோவிதா தம்ளரைப் பார்த்தாள். "அப்பா சொன்னதுதான்மா."

"அவசரப்பட்டுட்டேன்னாரா?"

"ஆமா. படம் சரின்னாரு."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். துடைத்துக்கொண்டு, அதைப் பட்டாபிராமனுக்குப் போட்டுக் காட்ட முடியுமா என்றாள். நகல் தரமாட்டார்கள், அது விதி என்றாள் ஜோவிதா. மெட்டில்டா தலையசைத்தாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் பேசியதில்லை.

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். எங்கே என்று ஜோவிதா கேட்கவில்லை. பட்டாபிராமன் வீடு நான்கு வாசல் தள்ளி. அம்மா கேட்டைத் திறப்பதும், அவர் வராந்தாவுக்கு வருவதும் தெரிந்தது. அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தனை மாதமாக வரக்கூடாது என்று அவள் பயந்த தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதுவரை யாரும் எழுதிக் கேட்டு அந்தப் பதிவைப் போய்ப் பார்த்துவிடக் கூடாது.