தண்ணீர் அசையாத மேசை

பிள்ளைகளே, மோட்டார் சைக்கிளின் பழைய ஒயில் நாறுகிறது என்று நீங்கள் இருவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போதெல்லாம் நான் மட்டும் ஒரு மூச்சு ஆழமாக இழுப்பதைக் கண்டு சிரிப்பீர்கள். கறையான் அரிக்காமலிருக்க மரத்துக்குப் பூசும் 'கழிவு ஒயில்' அது. அதனோடு அறுத்த பலகைத் தூளும் உப்புக் காற்றும் சேர்ந்து மணக்கும்போது எனக்குப் பதினான்கு வயதாகிவிடும். கல்முனைக்குடியில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே, வெயிலில் குந்தியிருந்து, வாப்பா அழுத்திப் பிடித்திருக்கும் கட்டையை நான் அறுத்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாடி வீடு, கடல் வந்து எங்கள் வீட்டையும் வளவையும் வழித்துக்கொண்டு போனதற்குப் பிறகு, பலகைக் கொட்டிலில் சில வருஷங்கள் இருந்துவிட்டு, எங்களுக்குக் கிடைத்தது. கடல் கொண்டுபோனவற்றில் என் தம்பி ஹிமாசும் ஒருவன். உங்களுக்குச் சாச்சாவாகியிருக்க வேண்டியவன். இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. காலில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த உம்மா அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே, மற்ற எல்லோரோடும் சேர்த்து, நீளமாக வெட்டிய ஒரே குழியில் அவனையும் அடக்கிவிட்டார்கள்.

மாடி ஏற ஏலாது என்று மற்றவர்கள் முறையிட்டபோது, உம்மா மட்டும் மேல் தட்டு வீட்டைக் கேட்டு வாங்கினார். அங்கே போன பிறகும் தண்ணீரைத் தங்கவிட மாட்டார். அந்தியில் மஃரிப் தொழுகைக்கு முன்னால் வாளி, குடம் எல்லாம் கவிழ்ந்துவிடும். யாராவது வாளியைப் பட்டென்று வைத்து உள்ளே தண்ணீர் ஆடினால், அது அடங்கும்வரை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். குழந்தையைத் தொட்டிலில் ஆற்றுகிறவரைப் போல இருக்கும், பார்ப்பதற்கு.

சண்டை முடியப் போகிறதாம் என்று ஊரில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில், கடலுக்குப் பிறகு உதவிக்கு வந்திருந்த தொண்டு நிறுவனத்தார் தங்கள் கந்தோரை மூடிவிட்டுப் போனார்கள். புடைவை வியாபாரியான வாப்பா அவர்களுக்குத் திரைச்சீலை கொடுத்த பழக்கத்தில், ஆளுக்கொரு சாமானாகப் பகிர்ந்தபோது, அங்கிருந்த பெரிய மீன்தொட்டி எங்களுக்கு வந்தது. முச்சக்கர வண்டியில் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தது எனக்கு இன்றும் கனவைப் போலத்தான்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவும் தென்னைகளும் வளைந்து நெளிந்து, எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோலப் போயின.

"கடல வீட்டுக்குள்ளயும் கொண்டு வந்திட்டீங்களா?" என்றார் உம்மா.

"இது குளம் புள்ள, கடலில்ல," என்றார் வாப்பா. நான் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதைத்தால் கெட்டுவிடும் என்று தெரியும்.

கடைசியில் உம்மா சொன்னார்: "வெக்கிறெண்டா வைங்க. ஆனா தண்ணி ஆடப்படா. ஆடினா, அண்டைக்கே எல்லாத்தயும் ஊத்திருவன். புறகு என்னோட ஒருத்தரும் கதைக்க வரப்படா."

ஆடாத மேசை செய்வது புடைவை வியாபாரிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சின்ன வேலையல்ல. கொட்டிலைப் பிரித்தபோது எடுத்து வைத்த கட்டைகள் இருந்தன. சீத்தைத் துணியைக் கெஜக் கணக்கில் அளக்கிற 'யார் கோல்' இருந்தது. கால்களை மொத்தக் கட்டையில் போட்டோம். ஆணியை மட்டும் நம்பாமல், காலில் பள்ளம் வெட்டிக் குறுக்குக் கட்டையைச் சொருகினோம். தொட்டி வழுகாதபடி மேலே சுற்றிவரச் சின்னச் சட்டம் அடித்தோம். மூன்று மாடி தூக்க வேண்டுமே என்று, பக்கத்து நீளக் கட்டைகள் இரண்டையும் முன்னும் பின்னும் கைபிடிபோல நீட்டி விட்டோம். எங்களுக்கு அது பெரிய யோசனையாகத் தோன்றியது. கடைசியாகக் கழிவு ஒயில் பூசினோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர்களைத்தான் வாப்பா தூக்கக் கூப்பிட்டார். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. ஒயில் சட்டையில் பிரளாமலிருக்க, மிஞ்சிக் கிடந்த பச்சைத் துணியொன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். நான்கு பேர் நான்கு நுனியைப் பிடித்தார்கள். கையால் தூக்கினால் படியில் இடிக்கிறது என்று தோளில் வைத்தார்கள். தோளுக்கு ஏறியதும் அவர்களின் நடையே மாறிவிட்டது. சிரிப்பு நின்றது. ஒருவர் காலுக்கு ஒருவர் கால் பார்த்து, மெதுவாக ஏறினார்கள்.

முதலாம் மாடிப் படியில் இருந்த வயதானவர் ஒருவர் சட்டென்று எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, ஒதுங்கி நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் வந்து முன்னால் நின்றவரின் இடத்தில் தன் தோளைக் கொடுத்தார். இரண்டாம் மாடியில் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கீழேயிருந்து லெவ்வை காக்காவின் குரல் கேட்டது. எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர், எதற்கும் சத்தம் போடுகிறவர்.

"என்ட அல்லாஹ்! யாரு மௌத்து?"

"யாருமில்ல காக்கா, மீன் வெக்கிற மேச!"

"மீனுக்குச் சந்தூக்கா? ஏன்டாப்பா, இன்னும் புடிக்கவேயில்ல, அதுக்குள்ள அடக்கப் போறீங்களா?"

படி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தோள் கொடுத்த வயதானவரும் "நான் கலிமாவும் சொல்லிட்டன் மகன்," என்று சிரித்தார். அப்போதுதான் எங்கள் கண்ணுக்கும் தெரிந்தது: நீட்டிய நான்கு கைபிடி, சுற்றிவரச் சட்டம், மேலே பச்சைத் துணி. இறந்தவரின் ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குச் சுமந்து போகிற சந்தூக்கை நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் செய்து வைத்திருக்கிறோம். சிரித்தபடி மேல் படிக்கு வந்தபோது வாசலில் உம்மா நின்றார். ஒவ்வொருவராகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

 இனித் தொட்டியும் இல்லை, மீனும் இல்லை என்றே நினைத்தேன். உம்மா துணியை விலக்கவில்லை. கைபிடி நுனியொன்றைத் தொட்டுத் தடவினார்.

"என்ட புள்ளக்கு அண்டைக்கு இது கிடைக்கல்லயே," என்றார்.

பள்ளிவாசலில் இருந்த சந்தூக்குகள் கடல் வந்த அன்று எத்தனை பேருக்குப் போதும்? வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, அத்தனை பேர் நிற்கும்போதே, அதுவரை வீட்டில் சொல்லாததைச் சொன்னார்.

"கையில ஏந்தித்தான் கொண்டு போன நான். வேற ஆருட்டயும் குடுக்கல்ல."

"ஆடாமலா?"

"ஓம் புள்ள. ஆடாமத்தான்."

உம்மா கைபிடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நுனி நாலயும் அறுத்திட்டு உள்ளுக்கு எடுங்க," என்றார். வாப்பா அறுத்தார், துண்டு விழுந்து சத்தம் போடாமல் உம்மாவே ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டார். மேசையைச் சுவரோரம் வைத்ததும், ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் எடுத்து அதன்மேல் வைத்து, இடுப்பால் மேசையை ஓர் இடி இடித்தார். கோப்பைத் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பார்க்கிற? போய் உன்ட மீனக் கொண்டு வா."

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. காலை வெயில் ஜன்னலால் வந்து தொட்டிக்குள் இறங்கி, எதிர்ச் சுவரில் பச்சையும் பொன்னுமாய் வலை வலையாய் அசையும். அந்த வெளிச்சத்துக்குள் பாயைப் போட்டுப் படுத்தால், மீன்களின் நிழல் என் கையில் ஏறி முகத்தில் இறங்கும். உம்மா அரிசி பொறுக்குவதும் அங்கேதான். யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தியபோது ஜன்னல் கதவுகள் நடுங்கின. உம்மா முதலில் பார்த்தது தொட்டியைத்தான். மேல் தண்ணீர் மயிரிழைபோல் ஒரு தரம் சிலிர்த்து நின்றது. "நிண்டிட்டு," என்றார். அன்றிலிருந்து எங்கள் குடத்தில் இரவிலும் தண்ணீர் இருந்தது.

இப்போது அந்தத் தொட்டி இல்லை. ஒரு மழைக்காலத்தில் மூலை விண்டு ஒழுகத் தொடங்கியதும் கண்ணாடிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். நான் கலியாணம் முடித்து உங்கள் உம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊரில் ஜனாஸாவுக்கு வாகனம் வந்துவிட்டது. தெருவில் எழுந்து நின்று, யாரென்று கேளாமல் தோள் கொடுக்க ஓடி வருகிறவர்களை உங்கள் வயதில் நீங்கள் அதிகம் காணமாட்டீர்கள்.

மேசை தூக்கிய அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், மீனைத் தொட்டியில் விட்டு எல்லோரும் அதைச் சுற்றி நின்றபோது, அறுத்த துண்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கீழே இறங்கினேன். கடற்கரையோர மையவாடியில் அந்த நீளமான மண்மேட்டுக்கு, அடக்கிய இடத்தின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் ஒன்றும் இல்லை. அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஓரத்தில், எறும்பில்லாத ஓர் இடமாகப் பார்த்து, தலைமாட்டுக்கு ஒரு துண்டை நட்டேன். கால்மாட்டுத் துண்டை, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் கணக்குப் பார்த்து ஊன்றினேன். கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு அதைப் பிடுங்கி, இன்னும் சற்றுத் தள்ளி நட்டேன். இவ்வளவு காலத்தில் அவன் வளர்ந்திருப்பான்.