நாக்கு நுனியில் சோப்பு

நாக்கின் நுனியை நீட்டி, கையிலிருக்கும் சோப்புக் கட்டியை லேசாகத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் சோப்பக்கா. "ம்ஹூம். இன்னும் சுள்ளுங்குது. காரம் போகல." கட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிக்கிற சோப்பை யாராவது நக்குவார்களா? ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு அடுத்த கட்டியை நக்கினார்.

எனக்கு எதிர் வீட்டுக்காரர் அவர். வார நாட்களில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு. விடுமுறை வந்தால் சமையலறையே சோப்புத் தொழிற்சாலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "புருஷன்னு ஒருத்தர் இருந்தா சோப்பு காய வைக்க இடம் ஏது, தம்பி?" என்பார். அதுவும் நியாயம்தான். கட்டிலுக்கு அடியில், டிவிக்கு மேல், புத்தகங்களுக்கு நடுவில் என்று கை வைத்த இடமெல்லாம் சோப்பு.

வேலையில் இறங்கிவிட்டால் ஆளே மாறிவிடுவார். நீச்சல்குளத்தில் போடுகிற கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, மேலே ஒரு பழைய மழைக்கோட்டு. இந்தக் கோலத்தில் கதவைத் திறந்தவரைக் கண்டு கூரியர்காரர் மாடிப்படியில் இறங்கி ஓடப் பார்த்தார். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொட்டுவார். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றவே மாட்டார். "மாத்தி ஊத்தினா மூஞ்சிக்கே பொங்கி வரும்." அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, பச்சைத் தண்ணீர் தானாகவே சூடேறி ஆவி விடும். எத்தனை முறை பார்த்தாலும் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்பேன். அந்த நெடி வெளியேற வீட்டு ஜன்னல்களெல்லாம் விரியத் திறந்திருக்கும். சூடு தணிந்ததும் எண்ணெயில் சேர்த்துக் கிண்டி, கூழ் பதம் வந்ததும் வாசனைத் தைலம் விட்டு, காலிப் பால் அட்டைப்பெட்டிகளில் ஊற்றிப் பழைய துண்டால் போர்த்தி வைப்பார்.

கட்டி காய்ந்துவிட்டால் வருகிறவர் போகிறவர் யாரும் தப்ப முடியாது. மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருங்க" என்பார். நாம் மோந்து முடிக்கும்வரை அவர் கண் நம் முகத்தைவிட்டு நகராது. நாம் புன்னகைத்தால் அவரும் புன்னகைப்பார். பாராட்டுக்கு இப்படி ஒரு ஏக்கமா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை ரோஜா என்று கொடுத்த சோப்பை வீட்டில் பிரித்தால், கிராம்பு. அன்று முழுக்கப் பல்வலிக்காரன்போல் மணந்துகொண்டு அலைந்தேன். போய்ச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "ரோஜாதான் எல்லாரும் போடறாங்களே, தம்பி. ஒரு மாறுதல் வேணாமா?" என்று சிரித்தார். மறுநாள் பார்த்தால் தைலப் புட்டிகளின் கழுத்தில் கலர் கலராக நூல் கட்டியிருந்தது. என்ன ஒழுங்கு என்று மெச்சிவிட்டு வந்தேன்.

அவருடைய தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பும்போது, பகலில் குழந்தை பெரியம்மாவிடம் இருக்கும் என்று பேசி வைத்திருந்தார்கள். சோப்பக்கா தட்டச்சு வேலையையே விட்டுவிட்டார். "இது உங்க வீட்லயே இருக்கட்டும்" என்று காஸ்டிக் டப்பாவை என் வீட்டுப் பரணுக்கு அனுப்பினார். அதற்கு முன் குழந்தைக்கென்று ஒரே ஒரு சோப்பு செய்தார். அதில் தைலம் விடவில்லை. "பாப்பாவுக்கு எதுக்கு இதெல்லாம்? அது தலையிலயே ஒரு வாசனை இருக்குமாமே!" சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தையோடு வந்தார். படியில் தடுமாறியவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே போனேன். சாத்தியிருந்த கதவைத் தள்ளியதும் குப்பென்று முகத்தில் அடித்தது கேஸ் நாற்றம். குழந்தைக்குக் காற்று ஆகாது என்று ஒரு ஜன்னல் விடாமல் அடைத்து வைத்திருந்தார். சோப்பக்கா அடுப்பின் முன்னால் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் லைட்டர்.

"வந்துட்டீங்களா! பால்புட்டி கழுவ வெந்நீர் வைக்கப் போறேன்…"

"அக்கா, பத்த வைக்காத!"

தங்கை போட்ட அலறலில் குழந்தையும் வீறிட்டது. பையைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து லைட்டரைப் பிடுங்கினேன். சிலிண்டரை மூடி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அடுப்பைத் துடைத்தபோது கை பட்டிருக்க வேண்டும். ஒரு குமிழ் பாதி திரும்பிக் கிடந்தது. சோப்பக்காவோ ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"வீடே நாறுதே, உனக்குத் தெரியலையாக்கா?"

சோப்பக்கா தரையைப் பார்த்தார். "போன மழையில காய்ச்சல் வந்துச்சில்ல… அப்ப போனது. இன்னும் திரும்பி வரல."

வாசனை சோப்பு செய்கிறவருக்கு வாசனையே தெரியாது! மோந்ததெல்லாம் நாங்கள், எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் நல்லது கெட்டது தெரிந்துகொண்டிருக்கிறார். நூல் கட்டிய புட்டிகள் வரிசையாக நின்றன.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றார் தங்கை.

"சொன்னா இவள எங்கிட்ட விடுவியா?"

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். அழுகை அடங்கிய பிறகு, "ஆபீஸ் பக்கத்துல ஒரு காப்பகம் இருக்கு. அங்கயே விட்டுக்கறேன்க்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் போட்ட இடத்திலேயே கிடந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், அங்கே நின்றார். திரும்பி வந்து, "கொஞ்ச நேரம் வச்சுக்கோ" என்று குழந்தையை நீட்டினார்.

சோப்பக்கா இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். பிறகு நாக்கின் நுனியை நீட்டி, குழந்தையின் நெற்றியை லேசாகத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.