நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் காருக்கென்று வாங்கிய மூன்று கார்புரேட்டர்களையும் வரிசையாக உட்காரவைத்துவிட்டு என் கணவர் சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்ட ஒரு காலை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நானாக நினைப்பதில்லை, அது பாட்டுக்கு வந்து நிற்கிறது. "அம்முணி, இங்க வந்து பாரு, எப்படி இருக்குதுன்னு" என்றார். கையில் தோசை மாவோடு வந்து பார்த்தேன். உள்ளங்கையில் அடங்காத அளவில் மூன்று அலுமினியச் சாமான்கள், ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் இரண்டு ஓட்டைகள், பக்கவாட்டில் சின்னச் சின்னத் திருகுகள். அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருந்தார். அது என்னுடைய பிரஷ் என்பது பிறகுதான் தெரிந்தது. "இந்த வாடை அடிக்கிற டேபிள்ல எப்படிங்க சோறு திங்கறது?" என்று கேட்டேன். அவர் காதில் அது விழவில்லை. கோவிலில் சாமிக்கு அலங்காரம் முடிந்து திரை விலகும்போது நிற்பதைப் போல, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் அவர் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியர். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமான புதிதில் வந்தோம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது, எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். கம்பெனி கொடுத்த ஃபிளாட்டின் பால்கனியில் துணி காயப்போட்டால் மலைப்பக்கத்துக் காற்றில் புழுதி படிந்துவிடும், வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, படிக்கவென்று கனடா போய் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர் ஆன பிறகு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினார். வெந்தய நிறம், இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். இந்த மாதிரிக் கார்களை மஸில் கார் என்கிறார்கள். எனக்குச் சற்றேறக்குறைய அதன் வயது. "உனக்கும் அதுக்கும் ஒரே வயசு, ஆனா அது சத்தம் கம்மி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு வாரம் ரசத்தில் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

அந்தக் கார் வாங்கும்போது அதில் ஒரே ஒரு கார்புரேட்டர்தான் இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. அதைக் கழற்றிவிட்டு மூன்றைப் பொருத்த வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், பந்தியை வைத்துத்தான் எனக்கு விளக்குவார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குப் பரிமாறுகிறவர்தான் கார்புரேட்டர். எட்டுப் பேர் உட்கார்ந்த பந்திக்கு நடுவில் ஒரே ஒருவர் வாளியோடு நின்றால், பக்கத்தில் இருப்பவன் இலையில் சாம்பார் வழியும், கடைசி இலைக்காரன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். மூன்று பேர் நின்றால் எல்லா இலைக்கும் ஒரே மாதிரி விழும், வேகமாகவும் விழும். அந்த நாளில் அமெரிக்காவில் கார் பந்தயக்காரர்கள் இப்படித்தான் இன்ஜினிலிருந்து கூடுதல் பலத்தைக் கறந்தார்களாம். இப்போது வருகிற கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. "அப்ப இந்தக் காலத்துல என்னத்துக்குங்க இது?" என்றால் ஏதாவது ஒரு திருகை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். உண்மையில் பாதிக் காரணம் பெருமை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடற்கரையோரத் தேநீர்க் கடையருகே பழைய கார்க்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். அரபிகள், லெபனான்காரர்கள், நம்மவர்கள் ஓரிருவர். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்த கரக் டீ குடித்துக்கொண்டு, ஒருவர் இன்ஜினை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். ஒன்று இருப்பவன் இரண்டு இருப்பவனைப் பார்ப்பான், இரண்டு இருப்பவன் மூன்றைப் பார்ப்பான். நகைக்கடையில் பெண்கள் பார்க்கும் பார்வைதான். அதைச் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும்.

ஆனால் அந்த மூன்றில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றும் எப்போதும் வேலை செய்வதில்லை. சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும்தான் பரிமாறும். ஓரத்து இரண்டும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். காலை ஆக்ஸிலேட்டரில் பாதிக்குமேல் அழுத்தினால்தான் ஒரு கம்பி இழுத்து அவற்றைத் திறக்கும். அப்போதுதான் கார் தன் முழுப் பலத்தையும் காட்டும் என்பார். என் கணவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு அந்தக் கம்பிக்கு வேலையே இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாட்டு வண்டி போல மலையடிவாரம் வரை போவோம், திரும்புவோம். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் வழிவிட்டு ஓரத்தில் நிறுத்தியே விடுவார். கல்யாண வீட்டுக்குப் பரிமாற இரண்டு பேரைக் கூட்டி வந்து வாசலிலேயே உட்காரவைத்த மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "ஏனுங்க, மிதிக்கவே போறதில்லைன்னா அந்த ரெண்டு என்னத்துக்கு?" அவர் சாலையைப் பார்த்தபடியே, "இருக்கட்டும் அம்முணி" என்றார்.

இந்த 'இருக்கட்டும்' என்ற வார்த்தையைப் பற்றி வளைகுடாவில் குடும்பம் நடத்திய தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு முழுக்க அதுதான். பூப்போட்ட டின்னர் செட் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அலமாரி உச்சியில் இருந்தது, ஊரில் வீடு கட்டிக் குடிபோகும்போது ஆகும். கொரியாக் கம்பளிகள் பிளாஸ்டிக் பையோடு கட்டிலுக்கு அடியில், கோயம்புத்தூர்க் குளிருக்கு ஆகும். நல்ல சேலைகள் ஊரில் விசேஷத்துக்கு. நல்ல சென்ட் யாராவது வந்தால் கொடுக்க. நாங்கள் மட்டும் விளிம்பு உடைந்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, நூல் பிரிந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தோம். இங்கே வாழ்வது இடைக்காலம், வாழ்க்கை ஊரில் ஆரம்பிக்கும் என்று ஒரு கணக்கு. பக்கத்து ஃபிளாட்டிலும் அதே கணக்குதான். ஆகவே அவர் இருக்கட்டும் என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓரத்து இரண்டும் எங்கள் டின்னர் செட் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் அந்தக் காரை ஊருக்குக் கொண்டுபோக முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகு எந்த ஊருக்காக அதைச் சேர்த்து வைக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

போன கோடையின் தொடக்கத்தில், ஆலையில் டூட்டியில் இருக்கும்போதே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்தவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அவரை ஊருக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். கோயம்புத்தூரில் எல்லாம் நடந்தது. என் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுரு அம்முணி, நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்காத" என்று குலுக்கினார். நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வருத்தம்கூட இல்லை. பல் பிடுங்குவதற்கு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், அது வேறு யாருடைய கன்னமோ என்றிருக்குமே, அப்படி இருந்தது. ஊசியின் வேகம் சாயந்தரத்துக்குள் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்ய இங்கே திரும்பி வந்தும் இறங்கவில்லை. டின்னர் செட்டைப் பிரித்து, அதிலேயே ரொட்டி தின்றேன். அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

என் விசா முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும். சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. கார் மட்டும் கீழே உறை போர்த்தி நின்றது. "ஜஸ்ட் செல் இட், அம்மா" என்றாள் மகள் போனில். ஞாயிற்றுக்கிழமைக் கார்க்காரர்களில் ஒருவர் அதைக் கேட்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர், என்னைவிட வயதில் சின்னவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என் கணவர் எப்படி ஓட்டுவார் என்று கேட்டார். பாதிக்குமேல் மிதித்ததே இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்பிடியெண்டால் கஷ்டமக்கா" என்றார். "ஓரத்து ரெண்டையும் பாவிக்காமல் விட்டால் உள்ளுக்கை பெற்றோல் காய்ஞ்சு பிசின் மாதிரிப் பிடிச்சிடும். பிறகு ஒருநாள் மிதிச்சால் திறக்காது, இல்லாட்டி திறந்தது மூடாது. நாலைஞ்சு மாசம் நிண்டது பிரச்சினையில்லை. வருசக்கணக்கா மிதிக்காமல் விட்டதுதான் பிரச்சினை. கெட்டுப்போச்சுதெண்டால் மூண்டையும் கழட்டிப்போட்டு பழையபடி ஒண்டு போட்டிடுவன். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்க என்ன இருக்கிறது, வாங்குகிறவர் இஷ்டம். ஆனால் அவர் அதைச் சொன்னதும் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் எல்லாம் கடையில் வாங்கியது, கம்பெனி கொடுத்தது. என் கணவர் தன் கையால் செய்து வைத்தது அது ஒன்றுதான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் பிறகு அவர் இங்கே இருந்தார் என்று காட்ட ஒன்றும் இருக்காது. அவ்வளவு தெளிவாக அப்போது நினைத்தேனா என்று தெரியவில்லை. "ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க தம்பி, நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் புது பேட்டரி வைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, பொறுமையாக இன்ஜினைக் கிளப்பினார். எனக்குப் பழக்கமான இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டுகிற இடத்தில் வேறு ஒருவர் இருந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரைத் தாண்டி மலைப் பக்கம் போகிற அகலமான சாலை, காலை வெயில், முன்னும் பின்னும் வண்டி இல்லை. "பிடிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். மிதித்தார்.

பிசின் பிடித்துத் திணறும், இருமும், நின்றுவிடும் என்று காத்திருந்தேன். கார் ஒரு மூச்சு இழுத்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது, என் முதுகு இருக்கையோடு போய் ஒட்டியது, இத்தனை வருஷம் அந்தக் காரில் நான் கேட்டிராத ஒரு சத்தம் காலுக்கடியிலிருந்து எழுந்து வயிறு வரை வந்தது. ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. அவர் காலை எடுத்ததும் சமர்த்தாக அடங்கியது. சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

மூன்றையும் சேர்க்கிற கம்பியைக் காட்டினார். அது ஒரு நீளமான துளைக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. "இஞ்ச பாருங்கோ. பாதிவரைக்கும் மிதிக்கிற ஆளெண்டால் இந்த ஓட்டையிலை பாதிதான் தேய்ஞ்சிருக்கும். இது கடைசி வரைக்கும் தேய்ஞ்சு மினுங்குது. உங்கட அவர் கிழமைக்கு ஒருக்காவாவது இதை அடிமட்டம் வரைக்கும் மிதிச்சிருக்கிறார் அக்கா. அதுவும் கனகாலமா." பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "நான் ஒண்டையும் கழட்டமாட்டன். இது இப்பிடியே இருக்கும்" என்றார்.

நான் அந்தத் துளையைத் தொட்டுப் பார்த்தேன். கடைசி முனை வரை வழவழவென்று இருந்தது. சனிக்கிழமைக் காலைகளில் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று என் கணவர் தனியாகப் போவார். பெட்ரோல் பங்க் எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. வெகுநேரம் கழித்து, தலையெல்லாம் கலைந்து வருவார். பங்க் பையனோடு கதை பேசிக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன். வந்ததும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

இத்தனை மாதங்களில் முதல்முறையாக எனக்கு ஒன்று தோன்றியது. கோபம். நடுச்சாலையில் நின்று கத்த வேண்டும் போன்ற கோபம். நான் உடைந்த தட்டில் தின்றுகொண்டிருந்தபோது இந்த மனுஷன் சேர்த்து வைக்காமல், ஊருக்கென்று ஒதுக்காமல், வாரம் தவறாமல் தன் பங்கைத் தின்று தீர்த்திருக்கிறார். என்னை உட்காரவைத்துக்கொண்டு மாட்டு வண்டி ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிதித்திருக்கலாம். நான் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது அவருக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்தபோது கண் எரிந்தது, மூக்கு அடைத்தது, முந்தானையை எடுத்து முகத்தைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. யாழ்ப்பாணத் தம்பி பாவம், பானெட்டை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றார்.

அழுது முடித்து, காரில் ஏறி, பெல்ட்டை நானே மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போவோமா என்று கேட்டார்.

"இன்னொரு தடவ மிதிங்க தம்பி."

"பயமில்லையே அக்கா?"

"பயமாத்தான் இருக்குது. மிதிங்க."